சனிக்கிழமைக் கூலியும் ஒரு சுவர்க் காலண்டரும்

நீ கேட்டதை முதலில் நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். மதுரையில் இருந்த நீங்கள் போன வருடம் கணவரின் ஊரான செங்கோட்டைக்கே வந்துவிட்டீர்கள். அவருக்கு மலை தாண்டிக் கேரளத்துப் புனலூரில் ஒரு மரவேலைப் பட்டறையில் வாரக்கூலி. சனிக்கிழமை ராத்திரி வருகிறார், திங்கள் விடியலில் கிளம்பிவிடுகிறார். வீட்டில் மாமியார், இரண்டாம் வகுப்புப் பையன், வாடகைக்கு ஓர் ஓட்டு வீடு. பிளானர் நோட்டு, டப்பா செட், செல்போனில் கணக்கு எழுதும் ஆப் என்று எல்லாம் முயன்று பார்த்தாயிற்று, பத்து நாளுக்கு மேல் ஒன்றும் தாங்கவில்லை. மாதக் கடைசியில் கையில் காசு இல்லை, அவசரத்துக்குத் தேடினால் ஒரு காகிதமும் அகப்படுவதில்லை. அதிகச் செலவில்லாமல் வீட்டை ஒழுங்குக்குக் கொண்டுவர என்ன வழி அக்கா என்கிறாய்.

அக்கா என்றதற்குச் சந்தோஷம், ஆனால் என் வயதுக்குப் பெரியம்மா என்றே கூப்பிடலாம். இதே தென்காசிப் பக்கம் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் 27 வருடம் இருப்புக் கணக்கு எழுதியவள் நான். கடையின் இருப்பைக் கிராம் சுத்தமாக எழுதிவிட்டு, வீட்டுக்கு வந்து சீனி டப்பாவைத் திறந்தால் அடியில் எறும்பு மட்டும் இருக்கும். அப்படிப் பல வருடம் போனபிறகுதான் கடைக் கணக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதனால் இதெல்லாம் பிறவியிலேயே ஒழுங்கான ஆள் சொல்லும் யோசனை இல்லை.

உன் பிளானர் ஏன் நிற்கவில்லை தெரியுமா? அது மாதச் சம்பளக்காரர்களுக்குப் போட்டது. உன் வீட்டுக்குக் காசு சனிக்கிழமை சனிக்கிழமையாக வருகிறது, செலவு மட்டும் 1ஆம் தேதி வாடகை, 10ஆம் தேதி சீட்டு என்று மாதக் கணக்கில் போகிறது. வரவு ஒரு தாளத்தில், செலவு வேறு தாளத்தில். முதலில் இதைச் சரிசெய். அலமாரியைப் பிறகு அடுக்கலாம்.

அவர் தன் செலவு போக வாரம் 4,500 தருகிறார் என்று எழுதியிருக்கிறாய். அதில் 1,800 அந்த வாரத்துப் பால், காய், மீன், முட்டைக்கு. மிச்சம் 2,700. இந்த 2,700க்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே ஒரு வேலைதான் கொடுத்து, அதற்கென்று ஓர் உறையில் போட வேண்டும். முதல் சனி வாடகை (2,500 என்கிறாய், பாக்கி 200 உறையிலேயே கிடக்கட்டும்). இரண்டாம் சனி பலசரக்கு. மூன்றாம் சனி சீட்டு, பள்ளி வேன், ரீசார்ஜ். நான்காம் சனி கேஸ், கரண்ட், மாமியாரின் மாத்திரை. உரிமைத் தொகை 1,000 மாத நடுவில் வருமே, அதைத் தொடாதே, அதற்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். உறை வாங்கக் கடைக்குப் போகாதே. வீட்டில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகை உறைகள் போதும், தடிமனான தாள், சாரல் ஈரத்தில்கூட சீக்கிரம் நைந்து போகாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வருடத்துக்கு 52 சனிக்கிழமை. மாதத்துக்கு நான்கு என்று செலவைப் போட்டால் 48தான் போகும், நான்கு மீதி. 2026 காலண்டரை எடுத்துப் பார், ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் இந்த நான்கு மாதத்திலும் ஐந்து சனிக்கிழமை வருகிறது. அந்த ஐந்தாவது சனிக்கிழமையை இப்போதே சிவப்பு மையால் வட்டம் போடு. அன்றைக்கு வரும் கூலியில் வாரச் சாப்பாட்டுக்கு 1,800 எடுத்துக்கொண்டால் 2,700 வீதம் நான்கு முறை, மொத்தம் 10,800 ரூபாய். எந்த உறைக்கும் சொந்தமில்லாத காசு. இதுவரை இந்தக் காசு எங்கே போனது என்று கேட்டால் உனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. மாத வரவு இவ்வளவு என்று பொத்தாம்பொதுவாக நினைத்துக்கொண்டிருப்பதால் அது பாட்டுக்குக் கரைந்திருக்கும்.

அந்த நான்கு சனிக்கிழமையையும் எதற்கு வைப்பது என்பதற்கு நம் ஊர்க் காலத்தைப் பார்க்க வேண்டும். மதுரைக் கணக்கு இங்கே ஒத்துவராது. செங்கோட்டை முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று 1956 நவம்பர் 1 வரைக்கும் கேரளப் பக்கத்தோடு இருந்த ஊர். இன்றைக்கும் பாதி வாழ்க்கை மலைக்கு அந்தப் பக்கத்துக் காலண்டரில்தான் நடக்கிறது. என் மாமியார் கடைசிவரை மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டில்தான் வயது சொல்வார். அதனால் வீட்டில் தமிழ்த் தினசரி காலண்டரோடு, கட்டம் கட்டமாக எழுத இடம் விட்டிருக்கும் மலையாள மாதக் காலண்டரும் ஒன்று மாட்டு. புனலூரில் ஏதாவது கடையில் வருடப் பிறப்புக்குச் சும்மாவே கொடுப்பார்கள், அவரை வாங்கி வரச் சொல். அதுதான் உன் பிளானர்.

மே மாதத்துச் சனிக்கிழமை மிளகாய்க்கும் மல்லிக்கும். இது நீ சிரிக்கிற மாதிரி சின்ன விஷயம் இல்லை. புதுப் புளி மாசி பங்குனியில் வந்துவிடும், வத்தலும் கோடையில்தான் நன்றாகக் காய்ந்து கிடைக்கும். ஜூன் தொடங்கிச் சாரல் விழுந்துவிட்டால் ஆகஸ்ட் வரை இந்த ஊரில் துணியே காயாது, மிளகாயா காயும்? மதுரையில் எந்த மாதமும் வெயில் உண்டு, இரண்டு நாள் மாடியில் போட்டுத் திரிக்கக் கொடுத்திருப்பாய். இங்கே மே மாதத்தில் விட்டால், மழைக்காலம் பூராவும் கடைப் பாக்கெட் பொடிதான். வத்தல் வடகமும் அப்படித்தான், சித்திரை வெயிலில் போட்டதுதான் ஆனி ஆடியில் காய் விலை ஏறும்போது கைகொடுக்கும். ஆனால் அதே ஜூனில் பள்ளிக்கூடமும் திறக்கிறது. நோட்டு, யூனிபார்ம், செருப்பு, குடை எல்லாம் சேர்ந்து மேயில் இரட்டைச் செலவு. ஒரு சனிக்கிழமை போதாது. ஜனவரி மாதத்து உறையில் பாதியை மேக்கு நகர்த்தி வை.

ஆகஸ்ட் சனிக்கிழமை ஓணத்தை ஒட்டி வருகிறது. நாம் கொண்டாடுகிறோமோ இல்லையோ, நம் காய்கறி கொண்டாடும். அத்தம் பிறந்து திருவோணம் வரைக்கும் பத்து நாள், பாவூர்சத்திரம் சந்தையில் இருந்து லாரி லாரியாகப் புளியரை வழியாக ஏறும். வெள்ளரி, பூசணி, சேனை, முருங்கை, பயறு என்று அவியலுக்கும் சாம்பாருக்கும் போவதெல்லாம் இங்கே விலை ஏறிவிடும். அந்தப் பத்து நாளுக்கு முன்கூட்டியே தீர்மானம் செய்துகொள். பருப்புத் துவையல், மரச்சீனிக் கிழங்கு, கருவாடு, வத்தல் குழம்பு. திருவோணம் கழிந்த மறுவாரம் விலை தானாக இறங்கும், அப்போது ஆசை தீர அவியல் வை. நான் மூன்று வருடம் இதைக் கவனிக்காமல், ஓணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு போய் முருங்கைக்காய் விலையைக் கேட்டுத் திரும்பி வந்தவள்.

அக்டோபர் சனிக்கிழமைக்கு விளக்கம் வேண்டாம், 2026 தீபாவளி நவம்பர் 8.

அடுத்தது இருப்புக் கணக்கு. பண்டகசாலையில் ஒரு சரக்கு மாதம் எவ்வளவு போனது என்று கண்டுபிடிக்க, விற்ற ஒவ்வொரு பொட்டலத்தையும் கூட்டிக்கொண்டிருக்க மாட்டோம். மாதத் தொடக்கத்தில் இருந்தது, அதோடு வந்தது, இரண்டையும் கூட்டி, மாதக் கடைசியில் மிச்சம் இருப்பதைக் கழித்தால் தீர்ந்தது. வீட்டுக்கும் இதுவே. 1ஆம் தேதி துவரம்பருப்பு 1 கிலோ இருந்தது, ரேஷனில் 1 கிலோ, கடையில் 1 கிலோ வாங்கினாய், கடைசியில் 1 கிலோ 200 இருக்கிறது என்றால் உன் வீட்டுக்கு மாதம் 1 கிலோ 800 கிராம். ஆப்பில் தினமும் எழுதுவதைவிட இது எளிது, மாதத்தில் ஒரே நாள் அரைமணி நேர வேலை. தராசு இல்லாவிட்டால் உழக்கால் அள. எல்லாச் சாமானுக்கும் செய்யாதே, அலுத்துப்போய் விட்டுவிடுவாய். அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி, புளி, சோப்பு, இந்த ஆறுக்கு மட்டும் மூன்று மாதம் எழுதினால் போதும். அதற்குப் பிறகு உன் பலசரக்குச் சிட்டை கையில் தயாராக இருக்கும், கடைக்காரர் “வேற?” என்று கேட்கும்போது தடுமாற மாட்டாய். அந்த ஒரு “வேற?”வுக்கு எத்தனை குடும்பம் பணம் கொடுத்திருக்கிறது என்று கவுண்டருக்கு உள்ளே நின்றவளுக்குத்தான் தெரியும்.

டப்பா விஷயத்துக்கு வருகிறேன். நீ வாங்கிய செட்டைக் குறை சொல்ல மாட்டேன், நானும் ஒரு காலத்தில் தவணையில் 12 டப்பா வாங்கியவள்தான், ஆறு மாதத்தில் மூடி ஒன்றும் பொருந்தவில்லை. கண்ணாடிப் பாட்டில், பழைய பிஸ்கட் டின், எதுவானாலும் மூடி இறுக்கமாக இருந்தால் சரி. அட்டைப் பெட்டி மட்டும் வேண்டாம், சாரலில் ஈரம் குடித்துப் பொதும்பிவிடும், கரப்பானும் குடியேறும். ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு டப்பா வை, ஒன்றில் புழங்குவது, இன்னொன்றில் புதுசு. புழங்குவது காலியாகிக் கழுவிக் காய்ந்த பிறகுதான் புதுசைத் திறக்க வேண்டும். பழையதன் மேலேயே புதுசைக் கொட்டினால் அடியில் இருப்பது வருடக்கணக்காக அங்கேயே கிடந்து வண்டு பிடிக்கும். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்று கிடங்கில் எங்களுக்கு மனப்பாடம். பருப்பில் நாலு வரமிளகாய், அரிசியில் காய்ந்த வேப்பிலை, இது உன் மாமியாருக்கே தெரியும்.

மாமியார் பற்றி நீ ஒரு வரி எழுதியிருந்தாய், நீ ரவை வாங்கிய அன்றே அவரும் ரவை வாங்கி வந்து, மூன்று கிலோ ரவை வீட்டில் நிற்கிறது என்று. இது சண்டை போட வேண்டிய விஷயமே இல்லை, எழுத்து வாசிக்க அவருக்குக் கண் தெரியவில்லை, உன் சிட்டையோ உன் செல்போனுக்குள் இருக்கிறது. அவர் எப்படிப் பார்ப்பார்? அடுக்களைக் கதவில் ஒரு சணல் கயிற்றில் பென்சிலும், பழைய காலண்டர் தாளின் பின்பக்கமும் கட்டித் தொங்கவிடு, இது உனக்கு. அவருக்கு, எந்தச் சாமான் தீர்ந்தாலும் அந்த டப்பாவைத் திண்டின் மேல் கவிழ்த்து வைக்கட்டும். கவிழ்ந்திருந்தால் தீர்ந்தது, நிமிர்ந்திருந்தால் இருக்கிறது. வாங்கப் போகிறவர் திண்டைப் பார்த்துவிட்டுப் போனால் போதும். எங்கள் வீட்டில் இந்த ஏற்பாடு என் மாமியார் கண்டுபிடித்தது, நான் பேர் தட்டிக்கொள்ளக் கூடாது.

கரண்டுக்கு நான்காம் சனி உறையில் காசு வைக்கிறாய் அல்லவா, மீட்டரில் ஒரு கண்ணும் வை. ரீடிங் எடுத்த தேதியையும் எண்ணையும் காலண்டரில் குறி. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம், ஆனால் 500ஐத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டும் கூடுவதில்லை, கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் சலுகை அடுக்கு மாறி மொத்தமாக ஏறும். உங்கள் வீட்டில் தனியாக 500 வராது. வீட்டுச் சொந்தக்காரரோடு சேர்ந்து ஒரே மீட்டர் என்றால் வரும், கேட்டு வைத்துக்கொள். ஒரு சாரல் காலத்தில் எங்களுக்கு 508 வந்தது, வெந்நீர் போடும் ராடும் துணி காய ஓடிய ஃபேனும் செய்த வேலை. எட்டு யூனிட்டில் போன காசை நினைத்து ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. கேஸ் மாட்டிய தேதியையும் அதே கட்டத்தில் எழுது. இரண்டு மூன்று சிலிண்டர் போனால் உன் வீட்டுக்கு எத்தனை நாள் ஓடுகிறது என்று தெரியும், தீரும் முன்னால் புக் செய்யலாம்.

சரி, காகிதம். எல்லைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் வேலை என்று இருக்கும் குடும்பத்தில் காகிதமும் இரண்டு மாநிலம், இரண்டு மொழி. ஸ்மார்ட் கார்டு, வாடகை ரசீது இங்கே, அவருடைய பட்டறைச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு மலையாளத்தில் அங்கே. மலையாளச் சீட்டு ஒவ்வொன்றின் பின்னாலும், அவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு, இது என்ன, எந்தத் தேதி என்று தமிழில் ஒரு வரி எழுதிவிடு. அவர் இல்லாத செவ்வாய்க்கிழமையில் தேடும்போது அந்த ஒரு வரிதான் உதவும். ஒரே ஒரு ஜிப் வைத்த பை, உள்ளறையில் தரையில் வைக்காமல் ஆணியில் தொங்க வேண்டும். மழுமழுவென்று இருக்கும் கடை பில்லும் ஏடிஎம் சீட்டும் சூட்டில் அச்சாகிற தாள், சில மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும், பிளாஸ்டிக் கவருக்குள் போட்டால் இன்னும் சீக்கிரம். மிக்ஸி, ஃபேன் கேரண்டி பில் என்றால் அன்றைக்கே ஜெராக்ஸ்.

துணி, பாத்திரம், கூட்டிப் பெருக்குவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு ஒரு மூலை. சாரலில் மட்டும் துணியைச் சேர்த்து வைக்காமல் தினமும் நாலு உருப்படி துவை, உள்கொடியில் அவ்வளவுதான் காயும்.

காசு ஒழுகும் ஓட்டைகள் இரண்டு உண்டு, கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேள். ஒன்று லாட்டரி. தமிழ்நாட்டில் 2003இல் தடை செய்துவிட்டார்கள், ஆரியங்காவு தாண்டினால் கேரள அரசே நடத்துகிறது, 1967இல் இருந்து. வாரக்கூலி வாங்கிய கையோடு இரண்டு டிக்கெட் எடுப்பது அந்தப் பக்கம் வேலை பார்க்கிறவர்களிடம் சகஜம். வாரம் இரண்டு என்றால் வருடத்துக்கு 104. வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்பாரா, என் வீட்டுக்காரரே கேட்கவில்லை. ஆனால் டிக்கெட் காசை அவர் கைச்செலவில் இருந்து எடுக்கட்டும், உன் 4,500இல் இருந்து வேண்டாம். இரண்டாவது சீட்டு. தெரிந்த ஆள் என்று பதிவில்லாத சீட்டில் போடாதே. பதிவு எண் கேட்டுப் பார், முகம் மாறினால் விலகிவிடு. அங்கே கே.எஸ்.எஃப்.இ. என்று கேரள அரசின் சீட்டு நிறுவனம் 1969இல் இருந்து இருக்கிறது, அவர் புனலூரிலேயே விசாரிக்கலாம். எதுவானாலும் சீட்டுப் பணம் மூன்றாம் சனி உறையைத் தாண்டக் கூடாது.

கடைசியாக அந்த 1,000. அது மொய்க்கு. நீ எழுதிய செலவுப் பட்டியலில் மொய்யே இல்லை, அதனால்தான் மாதக் கடைசியில் இடிக்கிறது என்று எனக்குச் சந்தேகம். தை, வைகாசி, ஆவணி மூன்றிலும் பத்திரிகை வந்து விழும், சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டீர்கள், இனி யாரும் உங்களை மறக்க மாட்டார்கள். ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதம், அந்த 2,000 சேர்ந்தே இருக்கும், அதை ஆவணிக்கும் தைக்கும் தள்ளு. எவ்வளவு எழுதுவது என்று ஒவ்வொரு முறையும் தவிக்க வேண்டாம். உங்கள் கல்யாணத்து மொய் நோட்டு எங்கேயாவது இருக்கும், மாமியாரின் டிரங்குப் பெட்டியில் அடித்துணிக்குக் கீழே என்று நான் பந்தயம் கட்டுவேன். அதை வாங்கி, இந்த ஊர் ஆட்களை மட்டும் உன் நோட்டில் தனியாக எடுத்து எழுது. பேர், அவர்கள் செய்தது, நாம் திருப்பிச் செய்தாயிற்றா என்று மூன்று பத்தி. யார் எந்தத் தெரு, யாருக்கு யார் என்ன முறை என்று மாமியார்தான் சொல்ல வேண்டும், நீ எழுத வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து உட்காரும் நேரமாகப் பார்த்துக் கேள்.